ஏணியை உடைத்துப் பணம் பண்ணலாமா?

கேள்வி: காட்பாடி ஹாஸ்டலில் நண்பர்கள் சேர்ந்து வாரக் கடைசியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை போட்டு ஆடும் கதை ஆட்டம்) ஆடுகிறோம், பழைய 3.5 பதிப்பு விதிகளில். நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்தித் தீர்ப்பு சொல்கிறவன். ஒருத்தன் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே ஆரம்பக் காசுக்கெல்லாம் ஏணி வாங்கி, உடைத்து, கழியாக விற்று லாபம் பார்த்துவிட்டேன் என்கிறான். "கூடாதுன்னு புத்தகத்துல எங்க இருக்கு, காட்டு" என்கிறான். என்ன சொல்வது அண்ணா?

பதில்: தம்பி, அவர் போட்ட கணக்கு சரி, அதில் போய்ச் சண்டை போடாதீர்கள். 3.5 விலைப் பட்டியலில் 10 அடி ஏணி 5 செப்புக்காசு, 10 அடிக் கழி 2 வெள்ளிக்காசு, அதாவது 20 செப்பு. ஏணியின் இரண்டு பக்கமும் இரண்டு கழி. விற்கும்போது பாதி விலைதான் என்ற விதியைச் சேர்த்துக்கொண்டாலும் கைக்கு 20 செப்பு வருகிறது, போட்டது 5. இது ஊரறிந்த ஓட்டை. 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பில் ஏணி 1 வெள்ளி, கழி 5 செப்பு என்று இருக்கிறது, அங்கே உடைத்து விற்றால் போட்ட காசில் பாதி போய்விடும்.

ஆனால் பட்டியலில் இருப்பது ஒரு பொருளின் விலை மட்டும்தான். அந்த விலைக்கு வாங்க எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. நம் வேலூர் லாங்கு பஜாரில் நாற்பது கழியைத் தோளில் சுமந்துகொண்டு போய் நின்றால் முதல் கடைக்காரர் இரண்டு எடுப்பார், அடுத்தவர் ஒன்றை வளைத்துப் பார்த்துவிட்டு ஆணி ஓட்டையும் படி இருந்த குழியும் எதற்கு என்று கேட்பார், மூன்றாவது ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். உங்கள் ஆட்டத்தில் வரும் ஊரிலும் கடைக்காரர்கள் மனிதர்கள்தானே. ஒரு ஏணிக்கு லாபம் 15 செப்பு. 1500 பொற்காசு, அதாவது 1,50,000 செப்பு விலையுள்ள முழுத் தகட்டுக் கவசம் வாங்க அவர் 10,000 ஏணி உடைக்க வேண்டும். அத்தனை ஏணி அந்த ஊரில் யார் வைத்திருக்கிறார்கள்?

நான் எங்கள் மேசையில் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: கதை தொடங்கும் முன் வாங்கலாம், விற்கக் கூடாது. ஆரம்ப சாமான் என்பது அந்தக் கேரக்டர் இதுவரை வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து கையோடு கொண்டுவருவது, வியாபார முதல் அல்ல. கூட உட்கார்ந்திருக்கும் மந்திரவாதிக்குப் பகடை சரியாக விழாமல் ஒரு தடியும் ஒரு பையுமாக வந்திருப்பான், அவன் பக்கத்தில் இவர் மட்டும் தாளில் கணக்குப் போட்டே பணக்காரராவது நியாயமில்லை. கதை தொடங்கிய பிறகு உடைக்கட்டும், சுமக்கட்டும், கடை கடையாக ஏறி இறங்கட்டும், தாராளமாக விடுங்கள். அது ஆட்டம்.

கேள்வி: எங்கள் குழுவில் 5-ஆம் பதிப்பு, 2014 புத்தகம். போர்வீரனுக்கு ஆரம்பக் காசைப் பகடை போட்டு எடுப்பதைவிட, கொடுக்கிற சாமானை எடுத்து விற்றால் லாபமாமே? (குடியாத்தம் வாசகி)

பதில்: ஆமாம் அம்மா, விலை அதிகமுள்ளதாகப் பார்த்துப் பொறுக்கினால் லாபம்தான். சங்கிலிக் கவசம் 75 பொற்காசு. இரண்டு போர் ஆயுதம் எடுக்கலாம் என்ற இடத்தில் இரண்டு கைக் குறுக்குவில், தலா 75. அப்புறம் லேசான குறுக்குவில்லும் 20 அம்பும் 26, சாமான் நிறைந்த பை 12. மொத்தம் 263, பாதி விலைக்கு விற்றால் 131 சொச்சம். பகடை வழியில் நான்குமுகப் பகடை ஐந்து போட்டு பத்தால் பெருக்க வேண்டும், சராசரி 125. அதோடு சாமான் வழியில் போனால் கேரக்டரின் பின்னணிக்குரிய பொருளும் காசும் தனியாக வருகிறது.

ஆனால் விற்றுவிட்டு எதைக் கட்டிக்கொண்டு முதல் சண்டைக்குப் போவது? அந்தக் கவசம் கொடுக்கும் தற்காப்பு எண் 16, முதல் நிலையில் அது உயிர் காக்கிற சமாச்சாரம். குறுக்குவில்லுக்குப் பதில் வாள் வேண்டும் என்றால் டி.எம்.மிடம் கேட்டு நேராக மாற்றிக்கொள்ளுங்கள், நல்ல டி.எம். யாரும் மறுக்க மாட்டார். 2024 புத்தகத்தில் பகடை இல்லை, போர்வீரன் சாமான் வேண்டாம் என்றால் 155 பொற்காசு, முடிந்தது. அதே ஆண்டு வந்த டி.எம். கையேடும், இந்த விதிகள் பொருளாதாரத்தைக் காட்ட எழுதியவை அல்ல, நல்லெண்ணத்தோடு படியுங்கள் என்கிறது.

கேள்வி: வேலூர்க் கோட்டை மாதிரி அகழி சூழ்ந்த கோட்டைக்குள் கதை. நான் ஆரம்பக் காசில் பத்துக் குப்பி எண்ணெய் வாங்கினேன். இதுவும் ஓட்டைதான் என்று டி.எம். பிடுங்கிவிட்டார். (ஆம்பூர்)

பதில்: பிடுங்கியது தப்பு, அதை அவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். 5-ஆம் பதிப்பில் ஒரு குப்பி 1 வெள்ளி, எறிந்தால் தானே பற்றிக்கொள்ளும் ரசவாதி நெருப்பு 50 பொற்காசு, ஐந்நூறு மடங்கு வித்தியாசம் என்பதால் பயந்திருப்பார். ஆனால் எண்ணெய் தானாக எரியாது. எறிந்து, அது பட்டு, ஒரு நிமிடத்துக்குள் வேறு நெருப்பும் அந்த ஆள்மேல் பட்டால்தான் கூடுதலாக 5 சேதம். எறிவதற்கே சண்டையில் உங்கள் முறை ஒன்று போகிறது, பழகிய ஆயுதம் இல்லாததால் பகடையோடு சேரும் தேர்ச்சிக் கூட்டலும் பொதுவாகக் கிடையாது. தரையில் ஊற்றினால் 5 அடிச் சதுரம், இரண்டு சுற்று எரியும், அதுவும் தரை சமமாக இருக்க வேண்டும். அதனால் மதில் படிக்கட்டில் ஊற்றாதீர்கள், வாசலுக்கு உள்ளே சமதளத்தில் ஊற்றுங்கள். யோசித்து, உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலை இது. இதைத் தடுத்தால் ஆடுகிறவர்கள் யோசிப்பதையே விட்டுவிடுவார்கள்.

கேள்வி: கோதுமை ஒரு பவுண்டு 1 செப்பு, மாவு 2 செப்பு. இந்த மாதிரிச் சரக்கை மட்டும் பாதி விலைக்கு இல்லாமல் முழு விலைக்கே விற்கலாம். வாங்கி அரைத்து விற்றால் ஓட்டைதானே? (ராணிப்பேட்டை)

பதில்: இல்லை, அது கூலி. நூறு பவுண்டு அரைத்தால் கிடைப்பது 1 பொற்காசு, 5-ஆம் பதிப்பில் ஒரு நாள் சுமாரான வாழ்க்கைக்கு ஆகும் செலவும் அதேதான். அரைக்கட்டும், விடுங்கள்.