புதிய குதிரையைப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பது எப்படி?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் இரண்டு பெட்டைக் குதிரைகளும் காயடித்த ஆண் குதிரை ஒன்றும் சில ஆண்டுகளாக ஒன்றாகவே வளர்கின்றன. மூத்த பெட்டைதான் மற்ற இரண்டையும் அதட்டி வைத்திருக்கிறது. அடுத்த மாதம், ஒன்பது வயதான, காயடித்த இன்னோர் ஆண் குதிரை வரவிருக்கிறது. "வந்த அன்றே உள்ளே விட்டுவிடு, அவையே அடித்துப் பிடித்துச் சரிசெய்துகொள்ளும்" என்கிறார் குதிரை வளர்ப்பில் அனுபவமுள்ள நண்பர். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். குதிரைகள் தமக்குள் ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளும் என்று உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த ஒழுங்கை மனிதர் ஏற்படுத்திக் கொடுக்கவும் முடியாது. ஆனால் தப்பியோட இடமும், சண்டைக்கு இழுக்காத தீவனமும், பார்த்துப் பழகிய முகமும் இருக்கும்போதுதான் அது பெரும்பாலும் காதை மடக்குவதோடும் ஒரு வீறிடலோடும் முடிகிறது. இவை இல்லாத இடத்தில் அதே ஒழுங்கு கால் முறிவோடு ஏற்படலாம். ஆகவே உங்கள் வேலையில் பெரும்பகுதி வாயிலைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலில் நோய். புதிய குதிரை எவ்வளவு நம்பகமான இடத்திலிருந்து வந்தாலும், பார்வைக்கு எவ்வளவு திடமாக இருந்தாலும், குறைந்தது மூன்று வாரங்கள் தனியாக வைத்திருங்கள். நான் மிகவும் அஞ்சுவது ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொற்றுநோயை. தாடைக்கடியிலும் தொண்டையிலும் உள்ள நிணநீர்க் கட்டிகள் வீங்கிச் சீழ் பிடிக்கும் இந்நோய், கிருமி உள்ளே சென்ற பிறகு பொதுவாக 3 முதல் 14 நாட்களில் வெளிப்படும். இதில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு: மூக்கிலிருந்து கிருமி வெளியேறத் தொடங்குவதற்கு ஓரிரு நாட்கள் முன்பே காய்ச்சல் வந்துவிடும். அதனால் காலையும் மாலையும் வெப்பமானி வைத்து உடல் வெப்பநிலையைக் குறித்துவைப்பது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதைவிட மிக முன்னதாகவே எச்சரித்துவிடும். வளர்ந்த குதிரைக்குச் சுமார் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பானது. அதைத் தாண்டினால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நோயிலிருந்து மீண்ட சில குதிரைகள் தொண்டையின் மேற்புறத்தில் உள்ள காற்றுப்பைகளில் கிருமியை மாதக்கணக்கில் சுமந்துகொண்டு, எந்த அறிகுறியும் இல்லாமல் பிறவற்றுக்குப் பரப்பும் என்பதால், குதிரையின் முந்தைய வரலாறு தெளிவாக இல்லையென்றால் உள்நோக்கிக் கருவி மூலம் அப்பைகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தனிமை என்பது பக்கத்து அறையில் கட்டுவதன்று. மூக்கோடு மூக்கு உரசக் கூடாது, தண்ணீர்த் தொட்டி பொதுவாக இருக்கக் கூடாது, வாளி, தூரிகை, முகக்கயிறு, லத்தி அள்ளும் கருவி எல்லாம் தனியாக இருக்க வேண்டும். இருமலில் தெறிக்கும் நுண்துளிகள் பல மீட்டர் தூரம் செல்லக்கூடியவை என்பதால் ஒரே கூரையின் கீழ் காற்றைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் போதாது. உங்கள் மூன்று குதிரைகளுக்கும் தீனி வைத்து முடித்த பிறகே புதியதிடம் செல்லுங்கள். அங்கிருந்து திரும்பும்போது கைகளைக் கழுவி, காலணியையும் மேலாடையையும் மாற்றிவிடுங்கள். அதே சமயம், கூட்டமாக வாழும் விலங்கை முற்றிலும் தனியே அடைப்பது அதை நிலைகுலையச் செய்யும். தொலைவிலிருந்தாவது மற்றக் குதிரைகள் கண்ணில் படுகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த மூன்று வாரங்களை வீணான காத்திருப்பாகக் கருத வேண்டாம். முந்தைய இடத்தில் தின்ற தீவனத்தைச் சிறிது வாங்கிவைத்து, ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாக உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள். திடீர் மாற்றம் வயிற்றுவலியை உண்டாக்கலாம், பழக்கமில்லாத பசும்புல்லில் ஒரேயடியாக விட்டால் குளம்பழற்சிகூட வரலாம். லத்தியில் குடற்புழு முட்டைகளை எண்ணச் செய்யுங்கள். ஆனால் குடற்சுவரில் பதுங்கியிருக்கும் சிறு புழுக்களின் இளம்பருவங்கள் முட்டையிடுவதில்லை. அதனால் எண்ணிக்கை குறைவாக வந்தாலும் எந்த மருந்து தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். மருந்து கொடுத்தபின் இரண்டு, மூன்று நாட்கள் லத்தியை மேய்ச்சல் நிலத்தில் விழவிடாமல் அள்ளி அகற்றுவது உங்கள் நிலத்தைப் பல ஆண்டுகளுக்குக் காப்பாற்றும்.

நோய் இல்லை என்று உறுதியான பிறகு, வேலிக்கு இருபுறமுமாக ஒரு வாரமாவது பழகவிடுங்கள். முன்கூட்டியே ஒன்றையொன்று பார்த்து முகர்ந்த குதிரைகள் நேரில் கூடும்போது கடிப்பதும் கடிக்க முனைவதும் குறைகின்றன. ஆனால் வேலியே ஆபத்தாகவும் மாறலாம். முகர்ந்து பார்க்கும் குதிரைகள் வீறிட்டபடி முன்னங்காலைத் தூக்கி அடிப்பது வழக்கம். அந்தக் கால் கம்பிகளுக்கிடையே நுழைந்து சிக்கினால், எந்தச் சண்டையிலும் ஏற்படாத அளவுக்குச் சதை கிழிந்துவிடும். முள்கம்பி வேலி என்றால் இந்தக் கட்டத்தையே அங்கே வைக்காதீர்கள். எளிய வழி, முதல் சில நாட்களுக்கு இரண்டு மின்வேலி நாடாக்களை மூன்று மீட்டர் இடைவெளி விட்டு இணையாகக் கட்டி, பிறகு பதற்றம் தணிந்ததும், குளம்பு நுழையாத உறுதியான தடுப்பு உள்ள ஓரிடத்தில் மூக்கை நீட்டிக்கொள்ள அனுமதிப்பது. இரு பக்கமும் வேலியோரமாகவே காய்ந்த புல்லைத் தின்றுகொண்டு, ஒன்றின் அசைவுக்கு மற்றது தலை தூக்காமல் இருக்குமானால் அடுத்த கட்டத்துக்கு நேரம் வந்துவிட்டது. நாட்காட்டியைவிட இந்த அடையாளத்தை நம்புங்கள்.

அதற்குள் நிலத்தைச் சீர்செய்ய வேண்டும். விரட்டப்படும் குதிரை வேகமாக ஓடி ஒரு மூலையில் மாட்டிக்கொள்வதே பெரும்பாலான காயங்களுக்குத் தொடக்கம். கூர்மையான மூலைகளைக் குறுக்குக் கட்டைகளால் மழுங்கலாக்குங்கள். ஒரே வாயில் உள்ள கொட்டகை இருந்தால் அன்றைக்கு அதை அடைத்துவையுங்கள், அல்லது இரண்டாவது வழி ஒன்று திறந்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் மூலையிலோ வேலி ஒட்டிய குறுகலான இடத்திலோ விடாமல் எல்லாப் பக்கமும் அணுகும்படி வையுங்கள். முடிந்தால் இரண்டாவது தொட்டி ஒன்றும் வேண்டும். புதிய குதிரையை அதற்கு முந்தைய நாட்களில், மற்றவை இல்லாத நேரத்தில், எல்லை முழுவதும் கயிற்றில் பிடித்து நடத்திக் காட்டி, சில மணி நேரம் தனியே மேயவும் விட்டால், ஓடும்போது வேலி எங்கே என்பது அதற்குத் தெரிந்திருக்கும். லாடம் கட்டுபவரை அழைத்து எல்லாக் குதிரைகளின் பின்னங்கால் லாடங்களையும் கழற்றச் சொல்லுங்கள். நான்கு குதிரைக்கும் இந்தச் செலவு தேவையா என்று தோன்றலாம், ஆனால் இரும்பு லாடம் பட்ட உதைக்கும் வெறுங்குளம்பு உதைக்கும் இடையே எலும்பு முறிவு வாய்ப்பில் பெரிய வேறுபாடு உண்டு.

எந்தக் குதிரையோடு முதலில் சேர்ப்பது என்பதில், சாந்தமான பெட்டையோடு தொடங்குங்கள் என்றுதான் பலர் சொல்வார்கள். உங்கள் கூட்டத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். புதிய ஆண் குதிரை ஒரு பெட்டையோடு நெருங்கிவிட்டால், காயடித்ததாக இருந்தாலும், அதைத் தன்னுடையதாகக் கருதிக் காக்கத் தொடங்கலாம். பழைய ஆண் குதிரையும் அதே எண்ணம் கொண்டதாக இருந்தால் மூன்று ஏக்கர் போதாது. இரு ஆண் குதிரைகளையும் முதலில் சேர்த்துவிட்டால், பெட்டைகள் இல்லாத இடத்தில் போட்டியிட எதுவும் இருக்காது. இளமையானவையாக இருந்தால் விளையாட்டாகவே பழகிவிடும். மேலும் இப்படிப் பிரிக்கும்போது இரண்டு இரண்டாக அமைவதால் எந்தக் குதிரையும் தனித்து நின்று வேலியோரம் ஓடித் தவிக்காது. சில நாட்களில் அந்த இருவரும் ஒன்றாக மேயத் தொடங்கியதும் பெட்டைகள் இரண்டையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். அதிகாரம் செலுத்தும் மூத்த பெட்டையைக் கடைசியாகத் தனியே விடுவது நல்லது என்று சிலர் கருதுவர். ஆனால் அதன் துணையைப் பிரித்துத் தனியே நிறுத்தினால், உள்ளே வரும்போதே கொதித்துப்போய்த்தான் வரும். பெட்டைகளின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாட்கள், அதில் இனச்சேர்க்கைக்கு இணங்கும் சூட்டுக் காலம் ஐந்து முதல் ஏழு நாட்கள்; அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதியை வையுங்கள். வருகிற குதிரை அண்மையில்தான் காயடிக்கப்பட்டது என்றால், பெட்டைகளோடு சேர்க்கும் காலத்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சேர்க்கும் நாள் காற்றோ மழையோ இல்லாத, தரை வழுக்காத காலைப் பொழுதாக இருக்கட்டும். எல்லாக் குதிரைகளும் வயிறு நிறையத் தின்றிருக்க வேண்டும். காய்ந்த புல்லைக் குதிரைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு குவியல் கூடுதலாக, ஒவ்வொன்றுக்கும் பத்து மீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டுப் போடுங்கள். விரட்டப்படும் குதிரைக்குப் போக இன்னொரு குவியல் எப்போதும் இருக்கும். தானியமோ பொட்டுத் தீனியோ அங்கே வேண்டவே வேண்டாம். முகக்கயிறு எதிலாவது சிக்கி ஆபத்தாகும் என்பதால் அவிழ்த்துவிடுவது நல்லது. பிடிக்க முடியாது என்று அஞ்சினால், இழுத்தால் அறுந்துவிடும் வகையை மட்டும் அணிவியுங்கள். இரு குதிரைகளைக் கயிற்றில் பிடித்தபடி மூக்கை முகரவிடும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன்: முன்னங்கால் அடி விழுவது பெரும்பாலும் பிடித்திருக்கும் மனிதர் மேல்தான். உள்ளே விட்டதும் நீங்கள் வேலிக்கு வெளியே வந்துவிடுங்கள், எந்தச் சண்டை நடந்தாலும் நடுவில் புகாதீர்கள்.

பிறகு என்ன பார்ப்பீர்கள்? கழுத்தை வளைத்து நெருங்குதல், மூக்கை ஊதி முகர்தல், வீறிடல், காதை மடித்துத் தலையைத் தாழ்த்தி விரட்டுதல், பின்புறத்தைத் திருப்பி உதைப்பதாகக் காட்டுதல், சிறிது தூரம் ஓட்டம். இவை எல்லாம் பேச்சுவார்த்தையே; காற்றில் விழும் உதைகளுக்கும் பதற வேண்டாம். கவலைப்பட வேண்டியது விரட்டுபவர் நிற்காதபோதுதான். பொதுவாகப் புதிய குதிரை விலகிச் சென்றதும் மற்றது திருப்தியடைந்து மேயத் திரும்பிவிடும். விலகிச் சென்ற பிறகும் தொடர்ந்து துரத்துவது, மூலையில் தள்ளி இரு பின்னங்கால்களாலும் குறிபார்த்து உதைப்பது, கழுத்தையோ முதுகையோ பற்றிக் கடித்து விடாமல் இருப்பது, தண்ணீர் அருகே நெருங்கவே விடாமல் மணிக்கணக்கில் தடுப்பது ஆகியவை பிரித்துவிட வேண்டிய அறிகுறிகள். வியர்த்து நுரைத்து ஓடிக்கொண்டே இருக்கும் குதிரையையும் பிரித்து ஓய்வு கொடுங்கள். பிரித்தால் அடுத்த நாள் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்குமே என்று தயங்க வேண்டாம். வேலிக்கு அப்பால் இன்னும் ஒரு வாரம் தேவைப்பட்டது என்பதே அதன் பொருள்.

முதல் சில நாட்கள் நீங்கள் கண்காணிக்கக்கூடிய பகல் நேரத்தில் மட்டும் ஒன்றாக விட்டு, இரவில் பிரித்துவையுங்கள். தினமும் ஒவ்வொரு காலையும் கையால் தடவிப் பாருங்கள். குறிப்பாகத் தொடைக்குக் கீழே உட்புறத்திலும் முன்னங்காலின் மேற்பகுதி உட்புறத்திலும் எலும்பை மூடத் தசையே இல்லாததால், சிறு கீறலாகத் தெரியும் உதைக்காயத்துக்கு அடியில் எலும்பில் விரிசல் இருக்கலாம்; அந்தக் குதிரை நன்றாகவே நடக்கக்கூடும், ஆனால் சில நாட்கள் கழித்துப் படுத்து எழும்போது அந்த எலும்பு முழுவதுமாக முறிந்துபோகலாம். ஆகவே அந்த இடங்களில் காயம் கண்டால் நடத்திப் பார்க்காமல், வண்டியில் ஏற்றாமல், நிறுத்தி வைத்து மருத்துவரை அழையுங்கள்.

வெளியே தெரியாத இன்னொரு பாதிப்பு தூக்கம். குதிரை நின்றபடியே உறங்கும் என்றாலும், ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும்; தன் இடத்தில் பாதுகாப்பை உணராத புதிய குதிரை பல நாட்கள் படுக்காமலே இருந்து, ஒரு நாள் நின்றபடி கண்ணயர்ந்து முன்புறமாகச் சரியலாம். முன்னங்கால் கணுக்களின் முன்பக்கத்தில் விளக்கமில்லாத சிராய்ப்பு தென்பட்டால் இதைச் சந்தேகியுங்கள். உடலில் ஒட்டியிருக்கும் மண்ணோ வைக்கோலோ அது படுத்து உறங்கியதைக் காட்டும் நல்ல அறிகுறி. எடையையும் வாரந்தோறும், மார்பைச் சுற்றி அளக்கும் எடை நாடாவால் கணக்கிட்டு எழுதிவாருங்கள். கூட்டத்தோடு நின்றாலும் தின்ன விடப்படாத குதிரை விலாவில் தெரியத் தொடங்கும். தானியத் தீனியைக் கடைசி வரை தனித்தனியாகக் கட்டியே கொடுப்பது நல்லது.

பெரும்பாலான குதிரைகள் சில வாரங்களில் ஒருவாறு இணங்கிவிடும். அதற்குப் பிறகும் உங்கள் மூத்த பெட்டை புதியதை மட்டும் தண்ணீரண்டை விடாமல் விரட்டிக்கொண்டிருந்தால், அல்லது புதியது தொடர்ந்து மெலிந்தால், அதை ஒரு தோல்வியாகக் கருதி மறுபடியும் மறுபடியும் முயல வேண்டாம். மூன்று ஏக்கரை மின்வேலி நாடாவால் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பெட்டைகள் இரண்டும் மறுபக்கம் ஆண் குதிரைகள் இரண்டும் வேலிக்கு மேலாக ஒன்றையொன்று பார்த்தபடி மேய்கிற ஏற்பாட்டையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். மேய்ச்சல் பகுதிகளை மாற்றி மாற்றி விடுவதால் புல்லுக்கும் அது நல்லது.