ஒயினுக்கு சீஸ் சேர்ப்பதுபோல ஸ்பெஷாலிட்டி காபிக்கும் சேர்க்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் பேர்பெற்ற ஒயின் ஜோடிகளை எடுத்து, ஒயினுக்குப் பதில் காபியை வைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நான் முதல் சில மாதங்கள் அப்படித்தான் செய்தேன். பாதிக்கு மேல் வாயில் ஒட்டவே இல்லை. சீஸோடு சேரும்போது ஒயின் செய்கிற வேலை வேறு, காபி செய்கிற வேலை வேறு. அது பிடிபட்டபிறகு ஜோடிகளை மனப்பாடம் செய்யும் தேவையே இல்லாமல் போனது.

முதலில் ஒயின். சிவப்பு ஒயின் ஒரு வாய் குடித்ததும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும் இல்லையா? திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டேனின்தான் காரணம். எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம், அதனால் டேனின் என்றால் என்ன என்று நமக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. நன்றாக முதிர்ந்த கெட்டி சீஸை ஒரு துண்டு மென்றுவிட்டுக் குடித்தால், டேனின் சீஸின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு தணியும். ஆனால் பிரீ, காமெம்பேர் போன்ற வெள்ளைத் தோல் போர்த்திய மென்மையான சீஸோடு அதே ஒயினைக் குடித்துப் பாருங்கள். கசப்பும் ஒருவித உலோக ருசியும் தலைதூக்கும். சீஸ் என்றாலே சிவப்பு ஒயின் என்ற பழக்கத்தை நான் விட்டது இதனால்தான். பெரும்பாலான சீஸுக்கு வெள்ளை ஒயின்தான் நல்ல துணை.

பிரான்ஸின் லுவார் பகுதியில் சான்செர் வெள்ளை ஒயினும் ஷவிஞோல் ஆட்டுப்பால் சீஸும் ஒரே வட்டாரத்தில் பிறந்தவை. இரண்டிலும் புளிப்பு தூக்கலாக இருக்கும். புளிப்புக் குறைந்த ஒயினை அந்த சீஸுக்குப் பக்கத்தில் வைத்தால் சப்பென்று ஆகிவிடும். நீலப் பூசணம் ஓடிய, உப்புத் தூக்கலான நீல சீஸ்களான ரோக்ஃபோருக்கு சோத்தேர்ன், ஸ்டில்டனுக்குப் போர்ட் என்று இனிப்பு ஒயின்களைச் சேர்க்கும் ஜோடிகள் வேறு வகை. அங்கே சீஸின் உப்புக்கு எதிரே ஒயினின் இனிப்பு நிற்கிறது.

சரி, காபிக்கு வருவோம். ஸ்பெஷாலிட்டி காபி என்ற பெயரை எர்னா நட்சன் என்ற காபி வணிகர் 1974-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ருசி பார்ப்பவர்கள் தரும் மதிப்பெண்ணில் நூற்றுக்கு 80-ஐத் தொட்டால்தான் அந்தப் பெயர் என்பது பின்னர் நிலைத்த அளவுகோல். இவற்றைப் பெரும்பாலும் இளம் வறுவலாகவோ நடுத்தர வறுவலாகவோ வறுப்பதால் கொட்டையின் புளிப்பும் பழ வாசனையும் தங்குகின்றன. துவர்ப்பு ஒயினில் உள்ள அளவுக்கு இருக்காது. அதனால் இங்கே பார்க்க வேண்டியவை கசப்பு, புளிப்பு, சூடு.

சூடுதான் பெரிய வித்தியாசம். குளிர்ந்த ஒயின் சீஸின் கொழுப்பை உருக்காது. நாக்கில் படிந்த கொழுப்பைப் புளிப்பால்தான் வழித்தெடுக்க வேண்டும். காபியின் சூடோ கொழுப்பை உருக்கிக் கரைத்துக்கொண்டு போகிறது. சிவப்பு ஒயினோடு சண்டை போட்ட அதே பிரீ, மிதமான சூட்டில் உள்ள காபியோடு கிரீம் கலந்ததுபோல இறங்கும். சுவீடன், பின்லாந்து நாடுகளின் வடபகுதியில் ஒருவகை சீஸைத் துண்டு துண்டாகக் காபிக்குள்ளேயே போட்டு ஊறவிட்டுச் சாப்பிடுவார்கள், அதற்குக் காஃபெஓஸ்ட் என்று பெயர். உருகாமல் மெத்தென்று ஆகும் சீஸ் அது.

அடுத்தது உப்பு. உப்பு கசப்பை அமுக்கும், அதனால் கசப்புக்கு அடியில் ஒளிந்திருந்த இனிப்பு வெளியே தெரியும். ஒன்றரை வருடம் முதிர்ந்த கௌடா என்ற டச்சு கெட்டி சீஸை நடுத்தர வறுவல் பிரேசில் காபியோடு சாப்பிடும்போது இது பளிச்சென்று புரியும். சீஸில் ஏற்கெனவே கேரமல் ருசி உண்டு, காபியில் வறுத்த முந்திரி, பாதாம் போன்ற ருசி. கௌடாவில் பல்லுக்கிடையே நறநறக்கும் துகள்களைச் சர்க்கரையோ உப்போ என்று நினைக்க வேண்டாம், முதிரும்போது புரதம் உடைந்து வரும் அமினோ அமிலப் படிகங்கள் அவை. புதியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த ஜோடியைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு: பழச் சதையைக் கழுவி நீக்கிவிட்டு உலர்த்திய, எத்தியோப்பியாவின் இர்கச்செஃபே வட்டாரக் காபியும் புதிய ஆட்டுப்பால் சீஸும். எலுமிச்சை, மல்லிகை வாசனை வீசும் காபி அது. சான்செர் சொன்ன பாடம் அப்படியே இங்கேயும் பொருந்துகிறது, புளிப்புக்குப் புளிப்பு. நீல சீஸை மட்டும் இந்தக் காபியோடு சேர்க்காதீர்கள், உப்பும் புளிப்பும் மோதி நாக்கு கூசும். நீல சீஸுக்கு, கொட்டையைப் பழத்திலிருந்து பிரிக்காமல் முழுப் பழமாகவே உலர்த்திய, இனிப்பு மிகுந்த காபி வேண்டும்.

செய்முறையில் இரண்டு விஷயத்தை விடாதீர்கள். சீஸைச் சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். சில்லென்ற சீஸில் வாசனையே எழும்பாது. காபியைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல், ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 கிராம் தூள் என்ற அளவில் வடித்து, கோப்பையைத் தயங்காமல் பிடிக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் புளிப்பும் இனிப்பும் பிரிந்து தெரியாது.

அப்புறம், காபியை மட்டும் ஒரு வாய், சீஸை மட்டும் ஒரு கடி, மூன்றாவதாகச் சீஸ் வாயில் இருக்கும்போதே ஒரு வாய் காபி. முதல் நாளே ஆறு வகை வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒரே கௌடாவை எடுத்துக்கொண்டு, பிரேசிலோடு ஒரு தடவை, இர்கச்செஃபேவோடு ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள்.