அன்னபேதி போட்டும் மல்லிகை வெளுப்பது ஏன்?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் நாற்பது சென்ட்டில் மல்லிகை வைத்திருக்கிறேன். தளிர் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இரும்புச்சத்துக் குறை என்றார்கள். தூருக்குத் தூர் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டு போர்வெல் தண்ணீர் பாய்ச்சினேன். இரண்டு மாதமாகியும் மாற்றமில்லை. உரக்கடையில் பல மடங்கு விலைக்கு ‘இரும்பு கிலேட்’ வாங்கச் சொல்கிறார்கள். இரண்டும் இரும்புதானே?

பதில்: இரும்புதான். ஆனால் உங்கள் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. இருக்கும் இரும்பு கரையாமல் கிடக்கிறது. நீங்கள் போட்டதும் அதோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் உங்கள் போர்வெல் தண்ணீரைப் பிடியுங்கள். ஒன்றில் மட்டும் எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகப் பிழியுங்கள். பிறகு இரண்டிலும் ஒரு சிட்டிகை அன்னபேதி போட்டுக் கலக்குங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் சாறு விடாத டம்ளர் அழுக்குப் பச்சையாகக் கலங்கும். மறுநாள் காலையில் அடியில் துருப்பொடி படிந்திருக்கும். மற்றது தெளிவாகவே நிற்கும். உங்கள் வயலில் நடந்தது சாறு விடாத டம்ளரின் கதை.

அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்தால் ஒவ்வொரு இரும்பு அயனியையும் (மின்னூட்டம் பெற்ற அணுவையும்) ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. அந்த இளம்பச்சை நிறம் இந்தக் கூட்டுக்கு உரியது. நடுவில் உலோகம், சுற்றிலும் அதைப் பிடித்திருக்கும் மூலக்கூறுகள்: இதைத்தான் அணைவு அயனி என்கிறோம். நீரின் பிடி தளர்வானது. சுண்ணாம்பு மண்ணில் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்கு மேல் காரம்) 8-ஐத் தொடும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்துவிடுகிறது. ஃபெரஸ் என்ற அந்த இரும்பு, ஓர் எலெக்ட்ரான் குறைந்த ஃபெரிக் இரும்பாகித் துருவாகப் படிகிறது. பி.எச். ஓர் அலகு ஏறினாலே கரைசலில் நிற்கும் ஃபெரிக் அயனி ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வேர் என்ன செய்யும்?

கிலேட் என்ற பெயர் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பொருத்தமான பெயர். ஆறு நீர் மூலக்கூறுகள் ஆளுக்கொரு கையால் பிடித்ததை, இ.டி.டி.ஏ. என்ற ஒரே மூலக்கூறு ஆறு இடங்களில் கவ்விக்கொள்கிறது. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் இதே வேலையைச் சற்று எளிமையாகச் செய்கிறது.

காசு கொடுக்கும் முன் இதைக் கவனியுங்கள். மண்ணில் இட இ.டி.டி.ஏ. கிலேட்டை வாங்காதீர்கள். பி.எச். 7-ஐ நெருங்கும்போதே கால்சியம் அதன் கொடுக்கைப் பிடுங்கிக்கொள்ளும். இரும்பு மறுபடி துருவாகிவிடும். சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண்ணில் தாக்குப்பிடிப்பது இ.டி.டி.எச்.ஏ. வகை. பெயரில் அந்த ‘எச்’ இருக்கிறதா என்று பாக்கெட்டில் பாருங்கள். நிறமும் காட்டிக்கொடுக்கும்: முன்னது மஞ்சள் பழுப்பு, பின்னது அடர்சிவப்பு.

உங்களுக்கு நான் சொல்வது அதைவிட மலிவான வழி: மண்ணை விட்டுவிட்டு இலைக்குத் தெளியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், அது கரைந்த பிறகு 5 கிராம் அன்னபேதி. டம்ளரில் பார்த்ததுபோல் கலங்கினால் அமிலத்தைச் சற்றுக் கூட்டுங்கள். பழுப்பேறிய அன்னபேதி வேண்டாம்; அது ஏற்கெனவே துருப்பிடித்தது. கரைத்த அன்றே, பூப்பறிப்பு முடிந்த நாளின் மாலையில் தெளியுங்கள். மொட்டில் துருக்கறை பட்டால் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை போகாது. டி.ஏ.பி. உரக் கரைசலோடு கலக்கவே கூடாது. அதிலுள்ள பாஸ்பேட் இரும்பைப் பிடித்துப் படியவைத்துவிடும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். கவாத்துக்குப் பிறகு வரும் தளிருக்குத் தெளித்தால் நன்றாக ஏறும்.

பச்சையத்தின் நடுவில் இருக்கும் உலோகம் மக்னீசியம். இரும்பு அதற்குள் இல்லை. ஆனால் பச்சையத்தை உருவாக்கும் நொதிகளுக்கு இரும்பு வேண்டும். பழைய இலையிலுள்ள இரும்பு தளிருக்கு எளிதில் நகர்ந்து வராததால்தான் தளிர் முதலில் வெளுக்கிறது. அடி இலைகள் முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். ஒரு செடியைத் தோண்டி வேரையும் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அதற்கு இரும்பு மருந்தாகாது. தண்ணீர் தேங்கினாலும் இதே வெளுப்பு வரும்.

தெளித்த பிறகு, முழுக்க வெளுத்த இலைகளைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அடுத்து விரியும் தளிரைப் பாருங்கள்.