மெதுவாக நடந்தால் தடுமாற்றம் குறையாதா?

அவசரப்படாமல் நடந்தால்தானே விழமாட்டோம், ஆனால் ரொம்ப மெதுவாக நடக்கும்போது ஏன் உடம்பு ஆடுகிறது என்பது கேள்வி. முழங்கால் அறுவைக்குப் பிறகு நானும் இதையேதான் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன். ட்ரெட்மில்லில் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டரில் கைப்பிடியை விடவே முடியவில்லை. மூன்றுக்கு ஏற்றியதும் கை தானாக விலகிவிட்டது.

சைக்கிளும் மெதுவாகப் போனால் சாயும் என்று உவமை சொல்வார்கள். அது இங்கே பாதிதான் பொருந்தும். நடக்கும்போது நாம் முக்கால்வாசி நேரம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம். அப்போது உடம்பின் எடை ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே இருப்பதில்லை, சற்று உள்பக்கம் தள்ளி இருக்கிறது. அதனால் தூக்கிய காலின் பக்கமாக உடம்பு மெல்லச் சரியும்; அந்தக் கால் வந்து ஊன்றித்தான் அதைப் பிடிக்க வேண்டும். வழக்கமான நடையில் இது சுமார் 0.4 விநாடி வேலை. வேகம் குறையக் குறைய இந்த நேரம் நீள்கிறது, சரிவதற்கு அவகாசம் கூடுகிறது. இரண்டு காலும் தரையில் இருக்கும் நேரமும் கூடத்தான் செய்கிறது, அது ஓரளவு ஈடுகட்டும். ஆனாலும் அடிகள் ஒன்றுபோல் விழாது. ஒன்று நீளம், ஒன்று குட்டை.

இன்னொன்று, நடையின் தாளத்தைத் தண்டுவடமும் மூளையின் அடிப்பகுதியும் ஏறக்குறைய தானாகவே ஓட்டுகின்றன. பழகிய வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரை ஒட்டி, உடம்பு ஊசல்போல் ஏறி இறங்குவதால் தசைகளுக்கும் வேலை குறைவு. மிக மெதுவாக நடந்தால் அந்த ஊசல் அசைவு உதவாது. ஒவ்வொரு அடியையும் கவனம் வைத்து நிறுத்தி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் நான் நின்றேவிடுவேன்!

சரி, அப்படியானால் வேகமாக நடப்பதுதான் நல்லதா? அதுவும் இல்லை. வேகத்தில் கால் எதிலாவது இடறினால் அடுத்த காலை முன்னால் கொண்டுவந்து தாங்க நேரம் போதாது. அடி நீளமாக விழுவதால் ஈரத்தரையில் குதிகால் வழுக்கும் வாய்ப்பும் அதிகம். அங்கே ஊர்வதைவிட அடியைச் சிறிதாக்குவதுதான் உதவும். வயதானவர்கள் மெதுவாக நடப்பதாலேயே விழுகிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் தசை பலமும் சமநிலையும் குறைந்ததால்தான் நடை மெதுவாகிறது.

சுவர் ஓரமாக நடந்து ஒரு சோதனை செய்து பாருங்கள். வழக்கமான வேகத்தில் வலக்கால் முன்னே போகும்போது இடக்கை முன்னே வரும். வேகத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இந்த ஜோடி குலைந்து, அடிக்கு ஒருமுறை இரண்டு கையும் சேர்ந்து ஆடத் தொடங்கலாம். எனக்கு ட்ரெட்மில்லில் அப்படித்தான் ஆனது.