தஞ்சாவூர் மாடி அறைக்கு முன்பதிவே வராதது பற்றி

பயணிகளுக்கு வீட்டு அறையை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தில் உங்கள் மாடி அறையைப் போட்டு இரண்டு மாதமாகியும் ஒருவரும் வரவில்லை என்கிறீர்கள். வாடகை இருக்கட்டும், குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்று வைத்திருப்பதுதான் முதல் சிக்கல். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு மறுநாளே கும்பகோணம் கிளம்புகிறவர்கள் நிறைய. ஒரு இரவுக்குத் தேடுபவர் கண்ணில் உங்கள் அறை படவே படாது. அதை ஒரு இரவாக மாற்றுங்கள்.

டியூப்லைட்டில் எடுத்த படங்களைத் தூக்கிவிடுங்கள். காலை பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்துவைத்து, அறை மூலையில் நின்று, நெஞ்சுயரத்தில் போனைக் குறுக்காகப் பிடித்து எடுங்கள். குளியலறைப் படம் கட்டாயம் வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டா, கீசர் இருக்கிறதா என்று குடும்பத்தோடு வருபவர்கள் அதைத்தான் துருவுவார்கள். அழுக்கு வாளியை மட்டும் ஓரங்கட்டுங்கள்!

மூன்று விமர்சனம் சேரும்வரை நட்சத்திர மதிப்பெண் தெரியாது. அவை சீக்கிரம் சேர, முதல் மூன்று முன்பதிவுக்கு 20 சதவீதம் தள்ளுபடி கொடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசு இணையதளத்தில் பதிந்தாக வேண்டும்.