மலைப்பாதைக்கு ஹை-ஸ்டால் கன்வர்ட்டர் சரிப்படுமா? – கேள்வி பதில்

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கும் நீலகிரி நண்பர்கள் கேட்டவை. கன்வர்ட்டர் என்பது டார்க் கன்வர்ட்டர்: இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம். கியர்பாக்ஸ் வேலை தெரிந்த உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார்.

குன்னூர்: அண்ணா, என்னோடது பழைய பெட்ரோல் எஸ்யூவி, 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக். பர்லியார் தாண்டி கொண்டை ஊசி வளைவுல திரும்பி எடுக்கும்போது இழுவையே இல்லை. 2,800 ஆர்பிஎம் ஸ்டால் கன்வர்ட்டர் போட்டா சரியாகும்னு ஒருத்தர் சொல்றார். தினமும் மேட்டுப்பாளையம் போய் வர்ற வண்டி. போடலாமா?

தினமும் மலை ஏறி இறங்கும் வண்டிக்கு வேண்டாம் தம்பி.

பிரேக்கை அழுத்திப் பிடித்து, டி-யில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் ஓர் அளவு வரை ஏறி நின்றுவிடும். அந்த ஆர்பிஎம்தான் ஸ்டால். கம்பெனி கன்வர்ட்டரில் பெரும்பாலும் 2,000-லிருந்து 2,500-க்குள் இருக்கும். கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) மாற்றி, 3,000-க்கு மேல்தான் டார்க் (சுழற்றும் விசை) வரும் என்று ஆக்கிவைத்த ரேஸ் இன்ஜினுக்காகச் செய்வது ஹை-ஸ்டால். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும் கம்பெனி இன்ஜினில் அதைப் போட்டால், ஒவ்வொரு வளைவிலும் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி தாமதமாகத்தான் நகரும்.

வெப்பம் அதைவிடப் பெரிய தொல்லை. கன்வர்ட்டருக்குள் இம்பெல்லர் (இன்ஜின் பக்கச் சக்கரம்) சுற்றும் வேகத்தில் டர்பைன் (கியர்பாக்ஸ் பக்கச் சக்கரம்) 40 சதவீதம்தான் சுற்றுகிறது என்றால், இன்ஜின் கொடுக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆயிலைச் சூடாக்குவதிலேயே போய்விடும். இன்ஜின் 50 கிலோவாட் கொடுத்தால் 17 கிலோவாட் வெப்பம். குளியலறை கெய்சர் எட்டை ஒன்றாகப் போட்ட கணக்கு. ஸ்டால் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு நேரம் இந்த நழுவலிலேயே வண்டி ஓடும்.

முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே கியர் லிவரை 2 அல்லது எல்-லுக்கு (கீழ் கியர்) மாற்றுங்கள். டி-யிலேயே விட்டால் மேல் கியரில் நுழைந்து, பாதி வளைவில் கிக்-டவுனுக்காக (மிதித்ததும் தானாகக் கீழ் கியருக்கு இறங்குவது) திணறும். ஏர் ஃபில்டர், பிளக், கிக்-டவுன் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் மூன்றையும் பாருங்கள். இந்தப் புகாரோடு வரும் பழைய வண்டிகளில் கேபிள் தளர்ந்திருப்பது சகஜம்.

ஊட்டி: கோயம்புத்தூர்ல ஸ்டால் டெஸ்ட் பண்ணப்ப 2,300 வந்தது. இங்கே 2,100 தான் வருது. கன்வர்ட்டர் போயிடுச்சா சார்?

போகவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கோவையை விடக் காற்றின் அடர்த்தி 16 சதவீதம் அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத இன்ஜினில் டார்க்கும் அதே அளவு குறையும். ஸ்டால் ஆர்பிஎம், டார்க்கின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து இறங்கும். கணக்குப் போட்டால் 2,300-க்கு 2,100 தான் வர வேண்டும், வந்திருக்கிறது. குன்னூர் நண்பரிடம் சொன்னார்களே, அந்த '2,800 ஸ்டால்' கூட ஏதோ ஒரு பெரிய இன்ஜினை வைத்துச் சொன்ன எண். உங்கள் இன்ஜினில் அது அப்படியே வராது.

இதுவே 600, 700 குறைந்திருந்தால் ஸ்டேட்டரின் (கன்வர்ட்டருக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் நடுச்சக்கரம்) ஒன்-வே கிளட்ச் நழுவுகிறது என்று சந்தேகப்படலாம். மேனுவலில் உள்ளதை விடக் கூடினால் ஆயில் குறைவு, அல்லது உள்ளே கிளட்ச் தட்டுகள் நழுவுகின்றன.

டெஸ்டைச் சமதளத்தில்தான் செய்ய வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, ஹேண்ட்பிரேக், கால் பிரேக் மூன்றும் வேண்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. முழு மிதி 5 விநாடிக்கு மேல் வேண்டாம். பிறகு நியூட்ரலில் 2 நிமிடம் ஓடவிடுங்கள். புது வண்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டரே ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்திவிடும். அங்கே இந்த எண்ணை நம்ப முடியாது.

கோத்தகிரி: லாக்-அப் இருக்கிற ஹை-ஸ்டால் வாங்கினா சூடு பிரச்சினை வராதுதானே?

லாக்-அப் என்பது கன்வர்ட்டரை நழுவவிடாமல் நேராகப் பூட்டும் கிளட்ச். சமவெளியில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது காப்பாற்றும். 20, 25 வேகத்தில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஏறும் மலைப்பாதையில் பல வண்டிகளில் அது பிடிக்கவே பிடிக்காது.

ஏற்றத்தை விட இறக்கம்தான் என் கவலை. லாக்-அப் பிடிக்காதபோது இன்ஜின் பிரேக்கிங் முழுவதும் கன்வர்ட்டருக்குள் இருக்கும் ஆயில் வழியாகத்தான் கிடைக்கிறது. ஹை-ஸ்டாலில் அந்தப் பிடி தளர்ந்தது. எல்-லில் போட்டாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பாரம் முழுவதும் பிரேக் பேட் மேல் விழும். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு. பாதியிலேயே பேட் கருகும் வாடை வந்து, பெடல் கட்டையாகி, மிதித்தாலும் நிற்காத நிலை வரும். குடும்பத்தோடு போகும் வண்டியில் இந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்காதீர்கள்.

கூடலூர்: என் வண்டி ஏஜிஎஸ். இதுக்கும் பொருந்துமா?

ஏஜிஎஸ், ஏஎம்டி (தானாகக் கியர் மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸ்) எதிலும் கன்வர்ட்டரே கிடையாது; சாதாரண கிளட்சை மோட்டார் இயக்குகிறது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் கருகும். ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

ஊட்டி: வாங்கும்போதே ஜீப்ல ஹை-ஸ்டால் இருந்தது. உடனே மாத்த வசதி இல்லை. எப்படிச் சமாளிக்கிறது?

தனி ஆயில் கூலர் போடுங்கள், பிளேட் வகையில். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைத் தாண்டி, கியர்பாக்ஸுக்குத் திரும்பும் லைனில் வர வேண்டும். மார்கழி, தை உறைபனியில் ஆயில் சூடேறவே நேரமாகும். ஆகவே தெர்மோஸ்டாட் பைபாஸ் உள்ளதாக வாங்குங்கள். வெப்பமானி சென்சார் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் லைனில் இருக்கட்டும். 80-லிருந்து 95 டிகிரி இயல்பு. 110 தொட்டால் ஒதுங்குங்கள். 120 தாண்ட விடாதீர்கள். ஒதுங்கியதும் இன்ஜினை அணைக்கக்கூடாது. ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் 1,000, 1,200 ஆர்பிஎம்மில் ஓடவிட்டால்தான் பம்ப் ஆயிலைக் கூலருக்குத் தள்ளும்.

ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு போய்ப் பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் மாற்ற வேண்டும். டிரெய்ன் பிளக்கில் 3, 4 லிட்டர்தான் இறங்கும், மீதி கன்வர்ட்டரிலேயே தங்கும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, இன்னொரு முறை மாற்றுங்கள்.

குன்னூர்: கம்பெனி கன்வர்ட்டரையே திரும்ப மாட்டினோம், ஸ்டார்ட் பண்ணதும் பம்ப் உடைஞ்சுது. ஏன்?

கன்வர்ட்டர் முழுதாக உள்ளே உட்காரவில்லை. ஒரு லிட்டர் ஆயில் ஊற்றிவிட்டு, சுற்றிக்கொண்டே தள்ள வேண்டும். 'டக்' என்று இரண்டு, மூன்று முறை இறங்கும். கடைசி 'டக்' பம்பின் பள்ளத்தில் உட்காருவது. கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்து போல்ட் போட்ட பிறகும் கன்வர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (இன்ஜின் பக்கம் கன்வர்ட்டரை மாட்டும் தட்டு) அதற்கும் நடுவே 3-லிருந்து 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல், போல்ட்டை முறுக்கித்தான் இரண்டு பெட்டியும் ஒட்டியது என்றால் பம்ப் அப்போதே நசுங்கிவிட்டது. புது பம்ப் போடும் முன் கூலர் லைனைக் கழுவுங்கள், உடைந்த இரும்புத்தூள் அங்கேதான் தங்கியிருக்கும்.