டூல் வாங்கவா, கடன் கேக்கவா, லேத்ல அடிச்சுக்கவா? (வாசகர் கேள்வி பதில்)

பழைய கார வீட்லயே ரிப்பேர் பண்றவங்க கிட்ட இருந்து இந்த மாசம் நிறைய லெட்டர். எல்லாம் சுத்தி சுத்தி ஒரே எடத்துக்குத்தான் வருது: ஒரு வேலைக்காக இவ்வளவு காசு குடுத்து ஸ்பெஷல் டூல் வாங்கறது புத்திசாலித்தனமா, இல்ல கிறுக்கா? நேரா கேள்விக்கு போயிடலாம்.

கே: சார், என்கிட்ட 1996 மாடல் பென்ஸ் ஈ220 இருக்கு, நம்ம பூனேல அசெம்பிள் பண்ணின டபிள்யூ 124 சீரிஸ் தான். முன் சக்கரத்த பாடியோட இணைக்கற கன்ட்ரோல் ஆர்ம்ல ரப்பர் புஷ் போயிடுச்சு. ஸ்பிரிங்க அமுக்கி எடுக்காம மாத்த முடியாதாம். அதுக்கான இறக்குமதி ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்க அமுக்கற டூல்) செட், கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து பாத்தா தலை சுத்துது. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் சாதா கொக்கி கம்ப்ரஸர் ரெண்டு வச்சே முடிச்சுடலாம்கறார். எனக்கு நானே வீட்ல செய்யணும்னு ஆசை. என்ன பண்ணட்டும்? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: அந்த கொக்கி கம்ப்ரஸர மட்டும் உங்க வண்டி கிட்ட கொண்டு போகாதீங்க சார். அது மாருதி, ஹூண்டாய் மாதிரி, ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒண்ணா சேந்த ஸ்ட்ரட்ட முழுசா கழட்டி, பெஞ்ச் மேல வச்சு, வெளிப்பக்கமா கொக்கி மாட்டி அமுக்கற வண்டிக்கு. உங்க வண்டில ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. ஸ்பிரிங் கீழ் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவுல உள்ள தள்ளி உக்காந்திருக்கும், சுத்தி கொக்கி போட ஒழுங்கா எடமே இருக்காது, எப்படியோ திணிச்சு போட்டாலும் அமுக்கறப்போ ஸ்பிரிங் ஒரு பக்கமா வளைஞ்சு கொக்கி வழுக்க ஆரம்பிக்கும். இன்ஜின் வெயிட்டயே தாங்கற ஸ்பிரிங் அது, அமுங்கின நிலையில நழுவினா முன்னாடி கை இருக்கா மூஞ்சி இருக்கான்னு பாக்காது.

உங்களுக்கு வேணும்கறது உள்ள விடற டைப். ரெண்டு தட்டு, நடுவுல ஒரு ஸ்பிண்டில், அவ்வளவுதான் டூலே. தட்ட சுருளுக்கு இடையில மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு சொருகி, ஆர்ம்ல இருக்கற ஓட்டை வழியா ஸ்பிண்டில மேல விட்டு, கீழ இருந்து சுத்த சுத்த ரெண்டு தட்டும் நெருங்கி வரும், ஸ்பிரிங் நேரா அமுங்கும், அப்படியே மொத்தமா இறக்கிடலாம். ஜெர்மனில கிளான் கம்பெனி செய்யறது இதுல பேர் போனது. அத பாத்து அடிச்ச சீப் காப்பி ஆன்லைன்ல கிடைக்குது, பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா லோடு முழுக்க ஏறி நிக்கறது அந்த ஸ்பிண்டில் மரைல, மரை போச்சுன்னா எல்லாம் போச்சு. எந்த ஸ்டீல், என்ன ஹீட் ட்ரீட்மென்ட்டுன்னு தெரியாத ஒண்ண நம்பி அதுக்கு முன்னாடி உக்கார நான் தயாரில்ல.

இப்ப காசு விஷயம். ஒரே ஒரு தடவை புஷ் மாத்தணும், அதுக்கப்புறம் அந்த பக்கமே போக மாட்டேன்னா வாங்காதீங்க. பழைய பென்ஸ் பாக்கற தனி கராஜ்ல இந்த டூல் இருக்கான்னு முதல்ல கேளுங்க, கேட்டா போதாது, கண்ணால பாத்துட்டு அந்த ஒரு வேலைய மட்டும் அங்க குடுத்துட்டு மத்தத வீட்ல வச்சுக்கோங்க. ஆனா வண்டிய இன்னும் பத்து வருஷம் வச்சிருக்க போறேன், அடுத்து பால் ஜாயின்ட், ஸ்பிரிங் பேட்னு வரிசையா வரும்னா நல்ல செட்டே வாங்குங்க, ஆனா தனியா வாங்காதீங்க. பென்ஸ் 190ஈ, டபிள்யூ 202 மாடல் எல்லாத்துலயும் முன்னாடி இதே மாதிரி ஸ்பிரிங் தனியாதான், தட்டு சைஸ் மட்டும் சரி பாத்துட்டா ஒரே செட் சுத்தி வரும். கோவைல பழைய பென்ஸுக்கா பஞ்சம்? மூணு பேர் சேந்தா ஆளுக்கு விழற தொகை ஒரு கம்பெனி சர்வீஸ் பில்ல விட பயமுறுத்தாது.

வாங்கிட்டா சில விஷயம். மரைல நல்லா கிரீஸ் போடுங்க. கை ராட்செட் மட்டும், இம்பாக்ட் கன் வச்சு சுத்தினா மரை சூடாகி தின்னுடும். வண்டி ஸ்டாண்டு மேல நிக்கணும், வெறும் ஜாக் மேல இல்ல, இத நான் எத்தனை தடவை எழுதினாலும் யாரோ ஒருத்தர் ஹைட்ராலிக் ஜாக்க நம்பி கீழ படுத்துட்டு போட்டோ அனுப்பறார். அப்புறம் ஸ்பிரிங்குக்கு மேல ஒரு ரப்பர் பேட் இருக்கும், அதுல சின்ன சின்ன மொட்டு மாதிரி எழும்பி இருக்கும், பேட்டோட தடிமனுக்கு அதுதான் அடையாளம். கழட்டறப்பவே எத்தனை மொட்டுன்னு எண்ணி வச்சுக்கோங்க, புதுசுலயும் அதே எண்ணிக்கை கேட்டு வாங்கினாத்தான் வண்டி ஒரு பக்கம் சாயாம நிக்கும்.

கே: என் வீட்டுக்காரர் 2004 ஆக்டேவியா டீசல் வச்சிருக்கார். டைமிங் பெல்ட் மாத்தறேன்னு ஒரு பெட்டி நிறைய டூல் வாங்கினார். ஒரே தடவை யூஸ் பண்ணிட்டு பீரோல என் பட்டுப்புடவைக்கு கீழ வச்சிருக்கார். இன்னும் நாலு வருஷத்துக்கு அதுக்கு வேலையே இல்லயாம். இதெல்லாம் நியாயமா நீங்களே சொல்லுங்க. (மதுரை வாசகி)

ப: வாங்கினது நியாயம் சகோதரி, புடவைக்கு கீழ வச்சதுதான் அநியாயம்.

அந்த இன்ஜின்ல வால்வ திறந்து மூடற கேம் ஷாஃப்ட் பின்னாடி ஒரு காடி இருக்கும், அதுல ஒரு பட்டைய சொருகினா கேம் அசையாம நிக்கும். டீசல் பம்புக்கு ஒரு லாக் பின். கேம் ஸ்ப்ராக்கெட்ட (பெல்ட் ஓடற பல் சக்கரம்) புடிச்சுக்க ஒரு கம்பி, அத இழுக்க ஒரு புல்லர். இவ்வளவும் எதுக்குன்னா, அந்த ஸ்ப்ராக்கெட்டுக்கு திரும்பாம பூட்டற சாவி துண்டு, காடி எதுவும் கிடையாது, ஒரு டேப்பர்ல (கூம்பு மாதிரி குறுகற முனைல) இறுகி நிக்குது, போல்ட்ட லூஸ் பண்ணினா எந்த பக்கம் வேணா திரும்பும். டூல் இல்லாம பெயின்ட் மார்க் போட்டு கண்ணளவுல மாத்தறவங்க இருக்காங்க, பல நேரம் ஓடவும் ஓடும். ஓடாத அந்த ஒரு தடவை வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும், அப்புறம் ஹெட்ட இறக்கி வால்வு, கைடு, சில நேரம் பிஸ்டன் வரைக்கும் போகும், அந்த பில்லுக்கு இந்த மாதிரி பெட்டி எத்தனையோ வாங்கலாம். நாளைக்கு வண்டிய விக்கறப்போ பெட்டியையும் சேத்து குடுத்தா, விவரம் தெரிஞ்ச ஆளு கூடுதலாவே தருவார்.

ஆனா எண்ணெய் பட்ட இரும்புக்கு பீரோ சரியான எடம் இல்ல. துடைச்சு, லேசா ஆயில் தடவி, பிளாஸ்டிக் கவர்ல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு லாஃப்ட்ல வைக்க சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க.

கே: அண்ணே, டார்க் ரெஞ்ச்சுக்கெல்லாம் (வச்ச அளவு பலத்துக்கு டைட் பண்ற ரெஞ்ச்) ஆயிரக்கணக்குல செலவு பண்ணணுமா? எங்க மெக்கானிக் இருபது வருஷமா கை கணக்குலதான் டைட் பண்றார். (திருப்பூர் வாசகர்)

ப: இருபது வருஷம் டெய்லி பண்ற கையும் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பண்ற கையும் ஒண்ணா தம்பி? அலுமினியம் ஹெட்ல ஸ்பார்க் பிளக் மரை போனா அந்த ஹெட்டு வெளிய வரணும். வாங்குங்க, ஆனா ஒண்ணு வாங்கினா எல்லாத்துக்கும் ஆகாது. அரை இன்ச் டிரைவ், 40 டு 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச்ல போய் 10 நியூட்டன் மீட்டர் கவர் போல்ட்ட டைட் பண்ண பாத்தா போல்ட்டு முறிஞ்சு கையில வரும், சின்னதுக்கு சின்னது தனியா வேணும். கிளிக் டைப் பெருசுல 4 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம்னு ஐஎஸ்ஓ 6789 சொல்லுது, வருஷத்துக்கு ஒரு தடவை இல்லன்னா 5000 கிளிக்குக்கு ஒரு தடவை காலிபரேஷன் (அளவு சரியா இருக்கான்னு சோதனை) பண்ணவும் சொல்லுது. வீட்டு யூஸுக்கு 5000 எல்லாம் ஆயுசுக்கும் வராது, ஆனாலும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, லேப்களுக்கு தர அங்கீகாரம் குடுக்கற என்.ஏ.பி.எல்.லோட அங்கீகாரம் உள்ள லேப்ல குடுத்து பாத்துடுங்க. வேலை முடிஞ்சதும் அளவ கீழ் கோட்டுக்கு இறக்கி வைங்க. நட்ட கழட்ட அத யூஸ் பண்ணாதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா புல்லர் குடுங்க, ஸ்பேனர் குடுங்க, இத மட்டும் குடுக்காதீங்க, அவர் அத வச்சு லாரி வீல் நட்டு கழட்டினாரா கீழ போட்டாரான்னு திரும்பி வர்ற ரெஞ்ச்ச பாத்து கண்டுபிடிக்கவே முடியாது.

கே: தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கு. பின் சக்கரம் மாட்டற ஹப்ப எந்த புல்லர் போட்டாலும் வர மாட்டேங்குது. மூணு கால் புல்லர் ஒண்ணோட காலே வளைஞ்சுடுச்சு. ஒரிஜினல் டூல் எங்க கிடைக்கும்? (தாம்பரம் வாசகர்)

ப: வண்டி பொறந்த வண்டலூர் பக்கத்துல உக்காந்துட்டு கேக்கறீங்க, அந்த ஃபேக்டரி இருந்திருந்தா நடந்தே போய் கேட்டிருக்கலாம்!

ஹெரால்ட் பின் ஹப்பு, இதே வண்டிய டிரையம்ஃப் பேர்ல வச்சிருக்கற வெளிநாட்டு ஆளுங்களையும் அழ வைக்கற சமாச்சாரம். ஹப்பு ஆக்சில் ஷாஃப்ட்டோட டேப்பர்ல சாவி வச்சு ஏறி, அம்பது அறுபது வருஷமா இறுகிப்போய் இருக்கு. கால் வச்ச புல்லர் ஓரத்த புடிச்சு இழுக்கும், டூல் வளையலன்னா ஹப்பு வளையும், வளைஞ்ச ஹப்புல சக்கரம் ஆடிட்டே ஓடும். இங்கிலாந்துல சர்ச்சில்னு ஒரு கம்பெனி இதுக்குன்னே ஒரு கனமான புல்லர் செஞ்சது, இப்ப செகண்ட் ஹேண்ட்ல வந்தா வெளிநாட்டுல போட்டி போட்டு வாங்கறாங்க. அத தேடி அலைய வேணாம், இது லேத் பட்டறைல செய்யற டூல்தான். ஒரு இன்ச் தடிமன் தட்டு, அதுல வீல் ஸ்டட்டுக்கு நாலு ஓட்டை, ஓட்டை வட்டத்தோட விட்டம் 95.25 மில்லி, நடுவுல பெரிய போல்ட்டு. தட்டுக்கு ஈஎன்8 ஸ்டீல் போதும், நடு போல்ட்ட மட்டும் அத விட பலமான ஈஎன்24ல, நைஸ் மரையா கடைய சொல்லுங்க. எம்எஸ்ல (சாதா மைல்டு ஸ்டீல்ல) பண்ணினா மரை உருகின மாதிரி இழுத்துக்கும், டர்னர் 'இதே போதும் சார்'னு சொல்லுவார், கேக்காதீங்க.

நாலு வீல் நட்டையும் போட்டு தட்ட இறுக்கி, நடு போல்ட்ட பலம் கொண்ட மட்டும் டைட் பண்ணி, போல்ட்டு தலைல சுத்தியால நல்லா ஒரு அடி. வரலன்னா அப்படியே இறுக்கத்துலயே விட்டுட்டு ராத்திரி தூங்க போங்க, காலைல திரும்ப ஒரு சுத்து, ஒரு அடி. முக்கியமா ஆக்சில் நட்ட முழுசா கழட்டாம நாலஞ்சு மரைல விட்டு வைங்க, விடுபடறப்போ வெடி மாதிரி சத்தத்தோட கிளம்பும், நட்டு இல்லன்னா புல்லரோட ஹப்பு பறக்கும்.

லேத்ல செய்யலாம்னு சொன்னதுக்காக கோவைக்காரர் கேட்ட ஸ்பிரிங் கம்ப்ரஸரையும் அங்க குடுத்து அடிக்க வேணாம். ஹப் புல்லர் தோத்தா ஒரு போல்ட்டு போகும், ஸ்பிரிங் டூல் தோத்தா ஆஸ்பத்திரி.

கே: என் 2002 மாருதி 800 எம்பிஎஃப்ஐக்கு நல்ல ஸ்கேனர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்? (நாகர்கோவில் வாசகர்)

ப: எதுவும் வேணாம். நம்ம நாட்டுல பிஎஸ் 4 (புகை கட்டுப்பாட்டு விதி) வண்டிக்கு ஓபிடி, அதாவது வண்டியே பழுத கண்டுபிடிச்சு பதிவு பண்ற வசதி, கட்டாயம் ஆனதே 2010 ஏப்ரல்ல, ஓபிடி 2 வந்தது 2013 ஏப்ரல்ல. உங்க வண்டி அதுக்கெல்லாம் முந்தினது, கடைல விக்கற சாதா ரீடர் அதோட பேசாது. அந்த கால சுசுகில டயக்னாசிஸ் டெர்மினல எர்த் பண்ணினா செக் இன்ஜின் லைட்டே கண் சிமிட்டி கோட் சொல்லும், 12ன்னா பிரச்சனை எதுவும் பதிவாகலன்னு அர்த்தம். சர்வீஸ் மேனுவல் பாத்து சரியான பின்ன எர்த் பண்ணுங்க, தப்பான பின்ல வயர் வச்சா கம்ப்யூட்டர் காலி.

அந்த காசுக்கு நல்ல மல்டிமீட்டர் ஒண்ணு, கம்ப்ரஷன் கேஜ் ஒண்ணு. மூணு சிலிண்டர்ல ஒண்ணு மட்டும் ரொம்ப கம்மியா காட்டினா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறினா ரிங் தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வோ கேஸ்கட்டோ. எந்த ஸ்கேனரும் அத சொல்லாது.

கே: அப்பா விட்டிட்டுப் போன ஸ்பனர் செட் ஒண்டு கிடக்கு, நல்ல இங்கிலிஷ் சாமான். எங்கட மொரிஸ் மைனருக்கு ஒண்டும் சரியாப் பொருந்துதில்லை. ஒண்டில 1/4 டபிள்யூ, 5/16 பிஎஸ் எண்டு அடிச்சிருக்கு. எறியிறதோ வைக்கிறதோ? (யாழ்ப்பாண வாசகர்)

ப: எறிஞ்சுடாதீங்க ஐயா. அது விட்வொர்த் ஸ்பேனர், பழைய பிரிட்டிஷ் அளவு முறை, டபிள்யூன்னா அதுதான். அதுல அடிச்சிருக்கற அளவு வாய் அகலம் இல்ல, போல்ட்டோட தடிமன். 1/4 டபிள்யூன்னு போட்ட ஸ்பேனரோட வாய் 0.525 இன்ச், அதாவது 13.3 மில்லி, அதனாலதான் 13 மில்லி போல்ட்டுக்கு லூஸா ஆடும், 14க்கு நுழையவே நுழையாது. பழைய பிரிட்டிஷ் மெஷினுக்கும் மோட்டார் பைக்குக்கும் ஆனது. எங்க ஊர்ல, திருவொற்றியூர்ல செஞ்ச பழைய புல்லட் வச்சிருக்கறவங்க இந்த செட்ட பாத்தா விட மாட்டாங்க.

உங்க மைனர் 1000க்கு வேணும்கறது ஏஎஃப் அளவு, அதாவது போல்ட் தலையோட எதிர் எதிர் பக்கத்துக்கு நடுவுல இன்ச்ல அளக்கறது, 7/16, 1/2, 9/16 மூணு இருந்தாலே பெரும்பாலான வேலை முடியும். எங்க அம்பாசடருக்கும் பழைய பிஎம்சி இன்ஜின்னா இதே கதைதான், பின்னாடி வந்த இசுசு இன்ஜின் மாடல்னா இன்ஜின்ல மில்லிமீட்டர், பாடில இன்ச்சுன்னு கலந்து கட்டி இருக்கும். அரை இன்ச் போல்ட்டுக்கு 13 மில்லி ஸ்பேனர் போடறது எல்லாரும் பண்றதுதான், 0.3 மில்லி கேப்பு தான, ஆனா துரு ஏறின பழைய போல்ட்டுக்கு அந்த கேப்பு போதும் தலை உருண்டு போக. ஏஎஃப் செட் வாங்கறப்போ ரிங் ஸ்பேனர் முதல்ல, அப்புறம் சாக்கெட். சாக்கெட்ட 12 முனைல குடுப்பாங்க, வேணாம்னு சொல்லி 6 முனையா கேட்டு வாங்குங்க.